ரீட்மீயின் தலையில் இரண்டு பேட்ஜ்: பில்ட் நிலையும் டெஸ்ட் கவரேஜும் காட்ட முழுமையான வழிகாட்டி

வாழைச்சேனை எந்தப் பிரதேச செயலகப் பிரிவு? கோறளைப்பற்று. கிரான்? கோறளைப்பற்று தெற்கு. வாகரை? கோறளைப்பற்று வடக்கு. இதுவரைக்கும் மட்டக்களப்பில் யாரும் தடுமாற மாட்டார்கள். கொக்கட்டிச்சோலை என்றதும் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உள்ள ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். மண்முனை தென்மேற்கு என்று மேற்குப் பக்கத்துப் படுவான்கரைக்காரர் யாராவது எடுத்துக்கொடுக்க வேண்டும். மென்பொருளுக்கோ இதில் ஒன்றுமே தெரியாது. அதனால் சனி, ஞாயிறுகளில் என்னிடம் கோட் எழுதப் பழகும் பிள்ளைகளும் நானும் சேர்ந்து சின்னதாக ஒரு பைதான் நூலகம் செய்தோம். ஊர்ப்பெயரைக் கொடுத்தால், மாவட்டத்தின் 14 பிரிவுகளில் அது எதற்குள் வருகிறது என்று திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் வேலை.

கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றியபிறகுதான் சிக்கல் தொடங்கியது. ரெப்போவை, அதாவது அங்கே நம் கோட் இருக்கும் இடத்தை, பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது, "இது ஓடுகிறதா?" என்பதுதான். கோடைத் திறந்து வாசித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. ரெப்போவின் முகப்பில் தெரியும் அறிமுகக் கோப்பான ரீட்மீயின் தலைப்புக்குக் கீழே ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன பேட்ஜ்கள் அந்தக் கேள்விக்குத்தான் பதில். ஒன்று, கடைசியாக ஓடிய டெஸ்ட் (கோட் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சின்ன நிரல்) பாஸா ஃபெயிலா என்று சொல்லும். மற்றது, கோடில் எத்தனை வீதத்தை டெஸ்ட்கள் தொட்டுப் பார்க்கின்றன என்று சொல்லும்.

இதைக் கல்முனையில் இருக்கும் ஒரு மாணவிக்கு முதலில் போனில்தான் சொல்லிக்கொடுத்தேன். இங்கேயும் அதே முறைதான்: ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டிய பெயர்களையும் கட்டளைகளையும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். எடுத்துக்காட்டு முழுக்கப் பைதான். வேறு மொழி என்றால் டெஸ்ட் கருவியின் பெயர் மாறும், மற்றதெல்லாம் இதேதான்.

## பேட்ஜுக்கு முன்னால் ஒரு கட்டளை

பேட்ஜ் என்பது ஒரு எஸ்விஜி படம். ரீட்மீயில் அந்தப் படத்தின் முகவரியை வைக்கிறோம். பக்கத்தை யாராவது திறக்கும்போது சேவையகம் அந்த நேரத்து நிலையைப் படமாக வரைந்து அனுப்புகிறது. ஆகவே படத்தை ஒட்டுவது ஒரு நிமிட வேலை. அதன் பின்னால் உண்மையாகவே ஏதாவது ஓட வேண்டும், அங்கேதான் நேரம் போகும்.

முதலில் உங்கள் லப்டொப்பில் ஒரே கட்டளையில் எல்லா டெஸ்ட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். பைதானில் பைடெஸ்ட் என்று தட்டினால் போதும். அது முடிந்தபின் ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். எல்லாம் பாஸ் என்றால் 0, ஏதாவது ஃபெயில் என்றால் 1, டெஸ்ட் ஒன்றுமே கிடைக்காவிட்டால் 5. லினக்ஸிலும் மேக்கிலும் எக்கோ என்று தட்டி, டொலர் குறியும் கேள்விக்குறியும் போட்டால் அந்த எண் தெரியும். பேட்ஜின் பச்சையும் சிவப்பும் முழுக்க முழுக்க இந்த எண்ணில்தான் தொங்குகின்றன. 0 என்றால் பச்சை, வேறு எதுவானாலும் சிவப்பு. டெஸ்ட்டில் என்ன இருக்கிறது என்று கிட்ஹப் வாசிப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கதை வரும்.

## வொர்க்ஃப்ளோ கோப்பு

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் 2019 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. டெஸ்ட்டைத் தன் இயந்திரத்தில் தானாக ஓட்டித் தரும் சேவை அது. எப்போது, எதை ஓட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்வதுதான் வொர்க்ஃப்ளோ கோப்பு. பொதுவில் இருக்கும் ரெப்போவுக்கு அதன் வழக்கமான இயந்திரங்கள் இலவசம். தனிப்பட்ட ரெப்போ என்றால் இலவசக் கணக்குக்கு மாதம் 2,000 நிமிடம். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு ஆறுதலும் உண்டு. மார்கழி மழையில் கரண்ட் போனாலும், போன் ஹொட்ஸ்பொட்டில் ஒரு புஷ் (கோடைக் கிட்ஹப்புக்கு அனுப்புவது) மட்டும் தள்ளிவிட்டால் மிச்சத்தை அங்கே உள்ள இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

ரெப்போவில் ஆக்‌ஷன்ஸ் தாவலைத் திறந்தால் தயாராக உள்ள மாதிரிகள் வரிசையாக வரும். அதில் பைதான் அப்ளிகேஷன் என்பதைத் தேர்ந்தெடுத்தால், புள்ளியில் தொடங்கும் கிட்ஹப் கோப்புறைக்குள் வொர்க்ஃப்ளோஸ் என்ற கோப்புறையில் யாமல் என்ற எளிய எழுத்து வடிவத்தில் ஒரு கோப்பு உருவாகும். மெயின் பிராஞ்சுக்கு (கோடின் முதன்மைக் கிளைக்கு) புஷ் வந்தாலும், மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் வந்தாலும் ஓடு, உபுண்டு இயந்திரத்தை எடு, கோடை இறக்கு, பைதானை நிறுவு, பைடெஸ்டை ஓட்டு: அதில் முக்கியமாக எழுதியிருப்பது இவ்வளவுதான். முழுவதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மூன்று இடங்களை மட்டும் கவனியுங்கள்.

முதல் வரியில் உள்ள நேம். இதுதான் பேட்ஜின் இடது பக்கத்தில் எழுத்தாகத் தெரியும். மாதிரியில் வரும் நீளமான பெயரை எடுத்துவிட்டு டெஸ்ட்ஸ் என்று சுருக்கமாக வையுங்கள். பெயரே வைக்காவிட்டால் கோப்பின் பாதை முழுவதும் பேட்ஜில் வந்து உட்காரும், பார்க்கச் சகிக்காது.

அடுத்தது பைதான் பதிப்பு. 3.10 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் யாமல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு கடைசிப் பூச்சியத்தை விழுங்கிவிடும். 3.1 என்ற பதிப்பைத் தேடிப் போய், கிடைக்காமல் நின்றுவிடும். எங்கள் வகுப்பில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதில் போனது. பிழைச் செய்தியை நிதானமாக வாசித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், ஆனால் பசி நேரம். மேற்கோள் குறிக்குள் "3.10" என்று எழுதுங்கள்.

மூன்றாவது, உள்தள்ளல். யாமலில் டேப் விசைக்கு இடமில்லை, இடைவெளி மட்டும்தான். ஒரு வரி இரண்டு இடைவெளி தள்ளிப்போனாலும் அது வேறு ஆளின் பிள்ளையாகிவிடும்.

கோப்பைக் கொமிட் செய்தவுடன் (மாற்றத்தை ரெப்போவில் பதிந்தவுடன்) ஆக்‌ஷன்ஸ் தாவலில் மஞ்சள் வட்டம் சுற்றத் தொடங்கும். பச்சைச் சரி வந்தால் அடுத்த படி.

## பில்ட் நிலை பேட்ஜ்

முகவரியைக் கையால் தட்டத் தேவையில்லை. ஆக்‌ஷன்ஸ் தாவலில் இடது பக்கம் உங்கள் வொர்க்ஃப்ளோவின் பெயரை அழுத்துங்கள். வலது மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் திறந்தால் கிரியேட் ஸ்டேட்டஸ் பேட்ஜ் என்று ஒரு வரி. அங்கே எந்தப் பிராஞ்ச், எந்த நிகழ்வு என்று கேட்கும். மெயின் என்றும் புஷ் என்றும் தேர்ந்தெடுத்து, கொப்பி பொத்தானை அழுத்தி, ரீட்மீயில் தலைப்புக்குக் கீழே ஒட்டுங்கள். ஒட்டியதன் உருவம் இதுதான்:

`[![டெஸ்ட் நிலை](படத்தின் முகவரி)](அழுத்தினால் போகும் இடம்)`

உள்ளே இருக்கும் சதுர அடைப்புக்குள் வருவது மாற்றுச் சொல். படம் ஏறாவிட்டாலோ, கண்பார்வை இல்லாதவர் திரைவாசிப்பானால் கேட்டாலோ இந்தச் சொல்தான் வரும். அங்கே தாராளமாகத் தமிழில் எழுதலாம். படத்தின் முகவரி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்:

`கிட்ஹப்.கொம்/பயனர்/ரெப்போ/ஆக்‌ஷன்ஸ்/வொர்க்ஃப்ளோஸ்/கோப்பின் பெயர்/பேட்ஜ்.எஸ்விஜி?பிராஞ்ச்=மெயின்&ஈவன்ட்=புஷ்`

கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள பகுதி விருப்பம்தான், விட்டாலும் வேலை செய்யும். பிராஞ்ச் சொல்லாவிட்டால் ரெப்போவின் இயல்புப் பிராஞ்சைக் காட்டும். நான் எப்போதும் எழுதிவிடுவேன். எதைக் காட்டுகிறோம் என்பது ரீட்மீயை வாசிக்கும் அடுத்த ஆளுக்கும் தெரிய வேண்டும் அல்லவா. பேட்ஜில் நோ ஸ்டேட்டஸ் என்று சாம்பல் நிறத்தில் வந்தால், அந்தப் பிராஞ்சில் அந்த நிகழ்வுக்கு இன்னும் ஒன்றும் ஓடவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பிராஞ்சின் பெயர்தான் பிழையாக இருக்கும். 2020 அக்டோபருக்குப் பிறகு கிட்ஹப்பில் தொடங்கிய ரெப்போக்களுக்கு இயல்புப் பெயர் மெயின், பழையவற்றில் மாஸ்டர்.

அடைப்புக்குறிகளில் கடைசியாக உள்ள இணைப்பை விட்டுவிடாதீர்கள். சிவப்பைப் பார்த்தவர் அதை அழுத்தியவுடன் எந்த டெஸ்ட் ஏன் விழுந்தது என்ற பதிவுக்குப் போக வேண்டும். இணைப்பு இல்லாத சிவப்பு, நோயின் பெயர் சொல்லாத மருந்துச் சீட்டுப் போல.

## வேண்டுமென்றே ஒருமுறை உடையுங்கள்

இந்தப் படியைப் பலரும் செய்வதில்லை. எனக்கோ மொத்த வழிகாட்டியிலும் இதுதான் முக்கியம்.

"சேர், பச்ச வந்திட்டு," என்றாள் அந்த மாணவி.

"சரி புள்ள. இப்ப ஒருக்கா உடைச்சுப் பாருங்க."

"ஏன் சேர், நல்லாத்தானே ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுதா எண்டு எப்படித் தெரியும்?"

காரணம் சொல்கிறேன். அதற்கு முந்தைய ஒரு திட்டத்தில் எங்கள் பேட்ஜ் ஏறக்குறைய மூன்று மாதம் பச்சையாகவே இருந்தது. எல்லோருக்கும் பெருமை. ஒருநாள் நான் ஒரு டெஸ்டைத் தற்செயலாகக் குழப்பிவிட்டேன், அப்போதும் பச்சை. கோப்பைத் தோண்டிப் பார்த்தால், ஏதோ ஒரு செய்முறைக் காட்சிக்கு முதல்நாள் இரவு, அடம்பிடித்த ஒரு டெஸ்டைச் சமாளிக்க யாரோ பைடெஸ்ட் வரியின் கடைசியில் இரண்டு செங்குத்துக்கோடு போட்டு ட்ரூ என்று சேர்த்திருக்கிறார்கள். முதல் கட்டளை தோற்றால் ட்ரூவை ஓட்டு என்று அதற்குப் பொருள். ட்ரூ ஒருநாளும் தோற்காது, எப்போதும் 0 தான் கொடுக்கும். நான் முன்னால் சொன்ன அந்த எண் நினைவிருக்கிறதா? கிட்ஹப் அதைத்தான் பார்த்தது. யார் செய்தது என்று நான் தேடவில்லை. நானாகவும் இருக்கலாம்.

இதே வேலையைக் கன்டினியூ ஒன் எரர் என்ற வரியும் செய்யும். அதை ட்ரூ என்று வைத்தால் அந்தப் படி விழுந்தாலும் வொர்க்ஃப்ளோ பச்சைதான். கோடின் எழுத்து நடையைச் சரிபார்க்கும் லின்ட் போன்ற சில இடங்களில் அதற்குத் தேவை உண்டு. டெஸ்ட் ஓடும் படியில் அதற்கு வேலையே இல்லை.

ஆகவே மெயினிலேயே பொய்யான ஒரு டெஸ்டைச் சேருங்கள், வாழைச்சேனை சம்மாந்துறையில் இருக்கிறது என்பதுபோல. சம்மாந்துறை அம்பாறை மாவட்டத்து ஊர், கட்டாயம் விழ வேண்டும். புஷ் செய்து பேட்ஜ் சிவப்பாகிறதா என்று பாருங்கள். மறுகா அந்தக் கொமிட்டைத் திருப்பிவிடுங்கள். மெயினைத் தொடப் பயமாக இருந்தால் தனிப் பிராஞ்சில் செய்து, ஆக்‌ஷன்ஸ் பக்கத்தில் சிவப்பு வருவதைப் பார்த்தாலும் போதும்.

## கவரேஜை அளப்பது

பைதானில் கவரேஜ் என்ற கருவியே இதற்கு அடிப்படை. அதைப் பைடெஸ்டோடு இணைப்பது பைடெஸ்ட்-கவ் என்ற சேர்க்கை. நிறுவியபின் பைடெஸ்ட் கட்டளையோடு இரண்டு கோடு போட்டு கவ், சமன் குறி, உங்கள் நூலகக் கோப்புறையின் பெயர் என்று கொடுங்கள். கோப்புறைப் பெயரைக் கொடுக்காமல் கவ் என்று மட்டும் விட்டால் டெஸ்ட் கோப்புகளும் கணக்கில் சேரும். டெஸ்ட் கோப்பின் வரிகள் எப்படியும் ஓடத்தான் போகின்றன, அதனால் வீதம் சும்மா ஊதிப்போகும். பெயர் கொடுத்தால் இன்னொரு நன்மை: எந்த டெஸ்டும் தொடாத கோப்பு ஒன்று மூலையில் கிடந்தால் அதுவும் 0 வீதம் என்று பட்டியலில் வரும்.

கவ்-ரிப்போர்ட் சமன் டேர்ம்-மிஸ்ஸிங் என்றும் கொடுத்துப் பாருங்கள். எந்தெந்த வரி எண்களை ஒரு டெஸ்டும் தொடவில்லை என்று திரையிலேயே வரும். பேட்ஜ் வைக்காவிட்டாலும் இந்தப் பட்டியல் ஒன்றே போதும், அவ்வளவு பயன்.

இனி கவ்-பிராஞ்ச். இது கிட் பிராஞ்ச் அல்ல, கோடில் பாதை பிரியும் இடம். எங்கள் நூலகத்தில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் மாவட்டத்தின் பெயரும் ஒட்டிவந்தால் அதை வெட்டிவிடும் ஒரு இஃப் இருக்கிறது, எல்ஸ் இல்லை. "ஆரையம்பதி, மட்டக்களப்பு" என்று கொடுத்து ஒரு டெஸ்ட் எழுதினால் இஃப் வரியும் அதற்குள் உள்ள வரியும் ஓடிவிடும். வரிக்கணக்கில் முழுமை. ஆனால் வெறும் "ஆரையம்பதி" வந்தால் என்ன நடக்கும் என்று யாரும் பார்க்கவில்லை. பிராஞ்ச் கணக்கைப் போட்டால் அந்த ஓட்டை தெரியும். கணக்கு எளிது: 40 வரியில் 40-உம் ஓடின, 10 கிளைப்பாதையில் 8 ஓடின என்றால், 50-இல் 48, அதாவது 96 வீதம். பிராஞ்ச் இல்லாமல் அளந்தால் அதே கோட் 100 என்று காட்டும். ஒன்றைக் கூட்டிச் சொல்ல வேண்டும்: இந்தக் கருவி 99.9-ஐ 100 என்று உருட்டிக் காட்டுவதில்லை.

வெளியே அனுப்புவதற்கு எக்ஸ்எம்எல் வடிவம் வேண்டும். கவ்-ரிப்போர்ட் சமன் எக்ஸ்எம்எல் என்பதையும் சேர்த்து, வொர்க்ஃப்ளோவில் உள்ள பைடெஸ்ட் வரியையும் இப்படியே மாற்றிவிடுங்கள்.

## கவரேஜ் பேட்ஜ்: இரண்டு வழி

வழக்கமான வழி, கோட்கவ் அல்லது கவரால்ஸ் போன்ற சேவையிடம் கொடுப்பது. பொது ரெப்போக்களுக்கு இரண்டும் இலவசம். கோட்கவ்வில் கிட்ஹப் கணக்காலேயே உள்நுழைந்து ரெப்போவைத் தேர்ந்தெடுத்தால் ஒரு டோக்கன், அதாவது ரகசியச் சாவி, தரும். அதைக் கோப்பில் நேரடியாக ஒட்டாதீர்கள். ரெப்போவின் செட்டிங்ஸில் சீக்ரெட்ஸ் அன்ட் வேரியபிள்ஸ், அதற்குள் ஆக்‌ஷன்ஸ், அங்கே புதிய சீக்ரெட்டாக கோட்கவ் டோக்கன் என்ற பெயரில், பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோட்டுடன் சேமியுங்கள். பிறகு வொர்க்ஃப்ளோவில் பைடெஸ்ட் படிக்கு அடுத்ததாகக் கோட்கவ் ஆக்‌ஷனைச் சேர்த்து, டோக்கனை அந்தச் சீக்ரெட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒருமுறை ஓடியதும் கோட்கவ் தளத்தில் ரெப்போவின் அமைப்புகளுக்குள் பேட்ஜஸ் அன்ட் கிராஃப்ஸ் பக்கத்தில் ரீட்மீயில் ஒட்ட வேண்டிய மார்க்டவுன் வரி தயாராக இருக்கும். கொப்பி, ஒட்டு.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆக்‌ஷன் அனுப்பத் தவறினாலும் இயல்பாக வொர்க்ஃப்ளோவைச் சிவப்பாக்காது. டோக்கன் பிழைத்தால் பில்ட் பச்சையாகவே நிற்கும், கவரேஜ் பேட்ஜோ பழைய எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஃபெயில் சிஐ இஃப் எரர் என்பதை ட்ரூ ஆக்கினால் தப்பலாம். நான் ஆக்கிவிடுவேன். அவர்கள் சேவை விழும் நாளில் நம் பேட்ஜும் சிவப்பாகும் என்பது அதன் விலை.

இரண்டாவது வழி, வெளியாளிடம் எதையும் கொடுக்காதது. 2021 ஏப்ரலில் கோட்கவ் ஒன்றை அறிவித்தது: கவரேஜை அனுப்பும் அதன் பாஷ் பதிவேற்றியை யாரோ திருத்தி, அந்த ஆண்டு ஜனவரி 31 முதல் மற்றவர்களின் சிஐ (டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) இயந்திரங்களில் உள்ள சூழல் மாறிகளை, அதாவது சாவிகள் போன்றவை இருக்கும் அமைப்புகளை, வெளியே கடத்தியிருந்தார்கள். அந்தக் கருவியை அதன்பிறகு கைவிட்டுவிட்டார்கள். என்றாலும் சிஐக்குள் நுழையும் ஒவ்வொரு வெளிக்கருவிக்கும் நம் சாவிகள் கண்ணில் படும் என்பது அன்று பலருக்கு உறைத்தது.

இந்த வழிக்குப் பேட்ஜ் படங்களை வரைந்து தரும் ஷீல்ட்ஸ் தளம் உதவும். அதன் என்ட்பொயின்ட் பேட்ஜுக்கு, இணையத்தில் எங்காவது இருக்கும் சின்ன ஜேசன் கோப்பின் முகவரி மட்டும் போதும். அந்தக் கோப்பில் நான்கு விஷயம்: ஸ்கீமா வேர்ஷன் 1, இடப்பக்க எழுத்து, வலப்பக்க எழுத்து, நிறம். மெயினுக்கான புஷ்ஷில் மட்டும் ஓடும் ஒரு படியை வொர்க்ஃப்ளோவில் சேர்த்து, கவரேஜ் ரிப்போர்ட் கட்டளைக்கு ஃபோர்மட் சமன் டோட்டல் என்று கொடுத்தால் வீதம் மட்டும் தனி எண்ணாக வரும். அதை ஜேசனில் எழுதி, பேட்ஜஸ் என்று தனியாக வைத்திருக்கும் பிராஞ்சுக்குக் கொமிட் செய்ய வேண்டும். இதற்கு வொர்க்ஃப்ளோவின் பெர்மிஷன்ஸில் கொன்டென்ட்ஸ் ரைட் என்று கொடுக்க வேண்டும். கொமிட் மறுபடி வொர்க்ஃப்ளோவைக் கிளப்பி முடிவில்லாமல் சுற்றுமோ என்று பயப்படாதீர்கள். கிட்ஹப் தரும் இயல்பு டோக்கனால் செய்த புஷ் புதிய ஓட்டத்தைத் தொடங்காது. மெயினில் எழுதாமல் தனிப் பிராஞ்சில் எழுதுவது வரலாறு குப்பையாகாமல் இருக்கத்தான்.

வேலை கூடத்தான். ஒரு வகுப்புத் திட்டத்துக்கு முதல் வழியே போதும், நாங்களும் அதில்தான் இருக்கிறோம். உள்ளே நடப்பதைப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்க வேண்டும் என்றால் இரண்டாவதைச் செய்யச் சொல்வேன்.

## 100 வீதம், ஆனாலும் ஊர் கிடைக்கவில்லை

எங்கள் நூலகம் ஒரு கட்டத்தில் 100 வீதத்தைத் தொட்டது, கிளைப்பாதையும் சேர்த்து. அந்த வாரமே ஒருவர் பழைய பட்டியலொன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, கோறளைப்பற்று என்ற பெயரே இல்லை என்று உங்கள் நூலகம் சொல்கிறதே என்றார். பாமினி எழுத்துருவில் தட்டி, பின்னர் யூனிகோடுக்கு மாற்றிய பட்டியல் அது. திரையில் பார்த்தால் இரண்டு கோறளைப்பற்றும் அச்சொட்டாக ஒன்றுதான். பைதானில் நீளத்தைக் கேட்டால் ஒன்றுக்கு 12, மற்றதற்கு 13.

வித்தியாசம் முதல் எழுத்தில். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கொம்பியூட்டருக்கு வேறு. கொக்கட்டிச்சோலையில் ஒகரமும் ஓகாரமும் இருப்பதால் அது 15-க்குப் பதில் 17 ஆகிறது. எங்கள் கோட் அகராதியில் தேடியது, கிடைக்கவில்லை, "அப்படி ஊர் இல்லை" என்ற பாதையில் போனது. அந்தப் பாதைக்கு ஏற்கனவே டெஸ்ட் இருந்தது. எல்லா வரியும் ஓடியிருந்தது, எல்லாக் கிளையும் ஓடியிருந்தது. விடை மட்டும் பிழை.

தேடுவதற்கு முன் பெயரை என்எஃப்சி வடிவத்துக்கு (அந்த இரண்டு குறியீட்டையும் ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு) கொண்டுவரும் ஒரு வரியைச் சேர்த்தோம், இரண்டு வகையிலும் எழுதிய பெயரோடு ஒரு டெஸ்டும் சேர்த்தோம். கவரேஜ் பேட்ஜ் முதல்நாளும் 100, அடுத்தநாளும் 100. எண் அசையவே இல்லை. தமிழ் உரையோடு வேலை செய்கிற யாராக இருந்தாலும் அந்த டெஸ்டை இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் நான் பிள்ளைகளிடம் 100 கேட்பதில்லை. கவ்-ஃபெயில்-அண்டர் சமன் 85 என்று வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே போனால் பைடெஸ்டே தோற்றதாகக் கணக்காகி பில்ட் சிவப்பாகும். 85 என்பது எங்கள் வசதிக்கு வைத்த எண், அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு உங்கள் கோட் 62-இல் நின்றால் 60 என்று வைத்து, மாதாமாதம் கூட்டிக்கொண்டு போங்கள்.

## எத்தனை பேட்ஜ், எந்த வரிசை

தலைப்புக்குக் கீழே ஒரே வரியில் வையுங்கள். முதலில் பில்ட் நிலை, அடுத்து கவரேஜ், வேண்டுமானால் வெளியீட்டுப் பதிப்பும் உரிமமும். நான்குக்கு மேல் போனால் கோயில் திருவிழாவுக்குக் கட்டிய மின்விளக்குத் தோரணம் மாதிரி ஆகிவிடும், எதையும் யாரும் வாசிக்க மாட்டார்கள். ஷீல்ட்ஸில் அசையாத பேட்ஜும் செய்யலாம்: எழுத்து, கோடு, எழுத்து, கோடு, நிறம் என்று முகவரியிலேயே எழுதினால் படம் வந்துவிடும். உரிமம் போன்றவற்றுக்கு அது சரி. ஆனால் "பில்ட் பாஸிங்" என்று கையால் எழுதி ஒட்டிய அசையாத பேட்ஜையும் நான் சில ரெப்போக்களில் பார்த்திருக்கிறேன்.

## பேட்ஜ் மக்கர் பண்ணினால்

எண் மாறியும் படம் மாறவில்லை என்றால் பெரும்பாலும் தற்காலிகச் சேமிப்புத்தான். வெளித்தளங்களிலிருந்து வரும் படங்களை கிட்ஹப் தன்னுடைய கேமோ என்ற இடைச்சேவை வழியாகத்தான் ரீட்மீயில் காட்டும், அங்கே பழைய பிரதி சிறிது நேரம் தங்கும். ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் படத்தின் முகவரியை உலாவியில் தனியாகத் திறந்து பாருங்கள். அங்கே புதிய எண் இருந்தால் பிழை உங்களுடையது அல்ல.

உங்களுக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்கு உடைந்த படமாக வருகிறது என்றால் ரெப்போ தனிப்பட்டது. தனிப்பட்ட ரெப்போவின் வொர்க்ஃப்ளோ பேட்ஜ் வெளியாருக்குத் தெரியாது, அது வேண்டுமென்றே அப்படி.

பழைய திட்டமொன்றை எடுத்து ஓட்டுகிறீர்கள் என்றால் அதன் பேட்ஜ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். டெஸ்ட் ஓட்டும் இன்னொரு சேவையான டிராவிஸ் சிஐ தன் பழைய டாட் ஓஆர்ஜி தளத்தை 2021 ஜூனில் மூடியது. அங்கே சுட்டும் பேட்ஜ்கள் இன்னும் எத்தனையோ ரீட்மீக்களில் கிடக்கின்றன. ஷீல்ட்ஸ் வழியாகக் கிட்ஹப் வொர்க்ஃப்ளோ நிலையைக் காட்டும் முகவரியும் 2022 டிசம்பரில் மாறியது. அதற்கு முன் வொர்க்ஃப்ளோவின் பெயரைக் கொடுத்தால் போதும், இப்போது கோப்பின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, யாரும் தொடாமல் கிடக்கும் திட்டங்களுக்கு. நம் கோட் மாறாவிட்டாலும் அது சார்ந்திருக்கும் நூலகங்கள் மாறும், ஆறு மாதத்துக்கு முந்திய பச்சை இன்றைக்குப் பொருந்தாது. அதனால் வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி வொர்க்ஃப்ளோவில் ஷெட்யூல் சேர்க்கலாம். கிட்ஹப்பில் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுவதுதான் வழக்கம், இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஞாயிறு இரவு 8 மணிக்கு ஓட வேண்டும் என்றால் `30 14 * * 0`. கூட்டமான வேளையில் கொஞ்சம் தாமதமாகவும் ஓடும். அந்த ஓட்டமும் பேட்ஜில் தெரிய வேண்டுமென்றால் முகவரியில் உள்ள ஈவன்ட்=புஷ் என்ற பகுதியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்ஜ் பழைய புஷ்ஷையே காட்டிக்கொண்டு நிற்கும். பொது ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் கிட்ஹப் இந்த ஷெட்யூலைத் தானே நிறுத்திவிடும். பேட்ஜ் மட்டும் கடைசியாக ஓடிய நிறத்திலேயே நிற்கும். ஆக்‌ஷன்ஸ் தாவலில் போய் மறுபடி இயக்கிவிட்டால் அடுத்த ஞாயிறு ஓடும்.